இசையேடு யாருக்குச் சொந்தம்?
– கணினியில் இசை எழுதுவோர் முன் ஒரு விவாதம் –

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆந் திகதி மேலைத்தேய இசையுலகில் ஓர் அறிவித்தல் வெளியாயிற்று. 1988ஆம் ஆண்டு முதல் இசையமைப்பாளரும் பதிப்பாளரும் ஆசிரியரும் கையாண்டு வந்த பினாலே என்னும் இசைக்குறியீட்டு மென்பொருளை இனி வளர்க்கப்போவதில்லை என அதன் உரிமை நிறுவனமாகிய மேக்மியூசிக் தெரிவித்தது. ஓராண்டு கழிந்தபின் புதியதொரு கணினியில் அதனை நிறுவி உரிமத்தை உறுதிப்படுத்தல் இயலாது என்பதும் அம்முதலறிவித்தலில் அடங்கியிருந்தது. பயனர் எழுப்பிய பலத்த எதிர்ப்பின் பின்னரே அந்நிலைப்பாடு மாற்றப்பட்டது. உரிம உறுதிப்பாடு தொடர்ந்து கிடைக்குமென நிறுவனம் வாக்களித்தது.

வாக்களித்தமை நன்று. ஆயின், தன் இசையைத் தான் திறந்து பார்ப்பதற்கு ஒருவன் பிறரது வாக்கை நம்பியிருக்க நேர்ந்தமை எவ்வாறு என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. முப்பது ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த சிம்பொனிகளும் பாடசாலைப் பாடல்களும் ஒரே இரவில் ஒரு நிறுவனத்தின் தயவுக்கு உட்பட்டன. அவற்றை எழுதியவர் உளர், பாடுவோரும் உளர், காகிதப் படியும் இருக்கலாம். எனினும் திருத்தவும் சுருதி மாற்றவும் மீளப் பதிப்பிக்கவும் தக்க மூலம் பூட்டிய பெட்டியுள் இருந்தது. பெட்டி எழுதியவனுடையது, திறப்போ இன்னொருவனுடையது.

இசைக்குறியீட்டு மென்பொருள் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை சிறு குறிப்புகளேயாம். ஒலி வராவிடின் எதனை அழுத்துவது, வளைவு கோணினால் எங்ஙனம் நிமிர்த்துவது, பக்கத்தில் வரிகள் நெருங்கினால் எவ்வாறு விலக்குவது என்பன போன்ற வழிகாட்டல்கள் ஏராளம். அவை பயனற்றவை என்பது எமது கருத்தன்று. ஆனால், அக்குறிப்புகள் யாவும் நோயின் அறிகுறிகளுக்கு மருந்திடுவனவே, நோயை நாடுவனவல்ல. மென்பொருளின் கோளாறு எனக் கருதப்படும் பலவற்றின் வேர் இரண்டே. ஒன்று, இசையின் பொருளை எழுதாது அதன் தோற்றத்தை மட்டும் வரைதல். மற்றையது, எழுதியதை ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவில் மட்டும் வைத்திருத்தல். இவ்விரண்டும் உண்மையில் ஒரே தவறின் இரு முகங்கள். பொருளாக எழுதப்படாதது வேறிடத்துக்குப் பெயராது. பெயராதது ஒருநாள் அழியும்.

பினாலேயின் கதை தனித்ததொன்றன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டையராகிய பென் பின், ஜொனதன் பின் ஆகியோர் ஆக்கிய சிபெலியஸ் 1993இல் விற்பனைக்கு வந்தது. 2006இல் அதனை அவிட் நிறுவனம் வாங்கியது. 2012இல் அம்மென்பொருளை ஆக்கி வந்த இலண்டன் பணியகத்தை அவிட் மூடியது. அங்கிருந்து வெளியேறியோர் பலர் ஸ்டைன்பேர்க் நிறுவனத்திற் சேர்ந்து, 2016இல் டொரிக்கோ என்னும் புதிய மென்பொருளை வெளியிட்டனர். சிபெலியஸ் இன்றும் விற்பனையில் உள்ளது. எனவே இது மரணக் கதையன்று. ஆயினும், கருவியை ஆக்கியவரின் வாழ்வும் கருவியைப் பயன்படுத்துவோரின் உழைப்பும் கணக்கேட்டின் ஒரு வரியிலே தீர்மானிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வணிக நிறுவனம் இலாபம் நோக்கியே இயங்கும். அதனைக் குறைகூறிப் பயனில்லை. குறைகூறத்தக்கவர், பண்பாட்டுச் செல்வத்தை அவ்வியக்கத்தோடு பிணைத்துவிட்டு அமைதியாயிருக்கும் நாமே.

இவ்விடத்து ஏட்டுச்சுவடியை நினைவுகூர்தல் பொருந்தும். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் செல்லரித்த ஓலைகளோடு போராடினர். ஓலை ஒடிந்தது, எழுத்துச் சிதைந்தது, இடையிடையே பகுதிகள் மறைந்தன. ஆனால் எஞ்சிய ஓலையைப் படிப்பதற்கு எழுத்தறிவும் பொறுமையும் போதுமாயிருந்தன. ஓலை எழுதிய எழுத்தாணியை விற்ற கொல்லனிடம் எவரும் அனுமதி வேண்டி நிற்கவில்லை. இன்றைய கோப்பின் நிலை வேறு. அது செல்லரிப்பதில்லை, ஓரெழுத்தும் சிதையாது முழுமையாகவே இருக்கும், எனினும் படிக்க முடியாததாய் இருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஒரேயொரு படியாக இருந்தவை மீளாது போயின. ஒற்றைப்படியின் ஆபத்தை உணர்ந்த சமூகம், ஒற்றைத் திறப்பின் ஆபத்தையும் உணர்தல் வேண்டும்.

இனி முதல் முகத்தை நோக்குவோம். கணினியில் இசை எழுதும் மாணவர் ஒருவர், தாளில் வரைவது போலவே திரையிலும் வரைய முற்படுகின்றார். ஒரே சுரத்தின் இரு குறிகளை நீட்டி ஒன்றாக்கும் இணைப்பு வளைவுக்கும், வெவ்வேறு சுரங்களை இழைத்துப் பாடச் சொல்லும் இழைவு வளைவுக்கும் கண்ணுக்கு வேறுபாடு சிறிது. மாணவர் இரண்டாவதை முதலாவதன் இடத்தில் இடுகின்றார். தாளில் எவரும் குறை காணார். கணினியோ சுரத்தை இருமுறை ஒலிக்கின்றது. உடனே 'மென்பொருள் பிழை' என்னும் முறைப்பாடு எழுகின்றது. உண்மையில் மென்பொருள் எழுதப்பட்டதையே வாசித்தது.

இவ்வாறே 'உரத்து வாசிக்க', 'முதலிலிருந்து மீள்க' என்னும் கட்டளைகளைச் சாதாரண எழுத்தாகத் தட்டெழுதுவோர், இசை ஏன் உரக்கவில்லை, ஏன் மீளவில்லை என வியக்கின்றனர். அவற்றுக்கென உள்ள குறிகளைத் தெரிந்து இட்டாலன்றி அவை வெறும் அலங்காரமே. பாட்டு முதல் அடிக்கு முன்னரே எடுப்பாகத் தொடங்குமிடத்து, முழு அளவொன்றை இட்டு அதன் முற்பகுதி ஓய்வுக் குறிகளை மறைத்துவிடுவோரும் உளர். திரையில் எல்லாம் சீராகத் தோன்றும். வேறு மென்பொருளுக்கு மாற்றும்போது மறைத்தவை வெளிப்பட்டு, அளவெண்கள் யாவும் ஒன்றால் பிறழும். அவ்வளவின் உண்மையான நீளத்தையே குறைத்து வரையறுப்பதுதான் முறை. ஒரே ஐங்கோட்டில் இரு குரல்கள் வேறுவேறு லயத்திற் செல்லுமாயின், அவற்றை இரு தனிக்குரல்களாக எழுத வேண்டும். ஒரு குரலுள் அடுக்கித் திணித்தால் பின்னர் பிரித்தெடுத்தல் அரிது. மறைத்தல் என்னும் வசதி மென்பொருளின் வசதிகளுள் மிக ஆபத்தானது. மறைத்தது இல்லாததன்று.

எழுத்துருவின் சிக்கலும் இவ்வகையினதே. பழைய இசை எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் இடத்திலே இசைக்குறிகளை அமைத்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால், மேற்சுரங்களுக்குரிய திறப்புக்குறி நிற்க வேண்டிய இடத்தில் 'அம்பர்சாண்ட்' குறியும், கீழ்ச்சுரங்களுக்குரியதன் இடத்தில் வினாக்குறியும் தோன்றும். இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே 2013இல் ஸ்டைன்பேர்க்கின் முயற்சியால் இசைக்குறிகளுக்கான பொது எழுத்துரு நியமம் ஒன்று வகுக்கப்பட்டு, யாவர்க்கும் திறந்து விடப்பட்டது.

இதனை வாசிக்கும் ஈழத்தவர்க்கு இந்நோய் புதியதன்று. பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய சாகித்தியம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே ஆங்கிலக் குப்பையாக மாறுவதை நாம் எத்தனை தடவை கண்டிருக்கின்றோம்! அகரம் நிற்குமிடத்தில் ஆங்கில 'எம்' நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளி நிற்குமிடத்தில் அரைப்புள்ளி நிற்கும். காரணம், அங்கே எழுதப்பட்டது தமிழன்று. தமிழ் போலத் தோன்றும் ஆங்கில விசைகளே. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பு முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. எனவே, சாகித்தியத்தைப் பாமினியில் எழுதிவிட்டு மென்பொருளை நோவது முறையாகாது. ஒருங்குறியில் எழுதியும் கொம்பும் காலும் இடம்மாறித் தோன்றுமாயின், அப்போது அம்மென்பொருள் தமிழை அறியவில்லை என்று துணிந்து கூறலாம். அத்தகைய மென்பொருளைக் கைவிடுதலும் தகும்.

சாகித்தியத்தைச் சுரங்களுக்குக் கீழே பிரித்திடும்போதும் பொருளறிவு வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இணைகோடு இட்டால் அடுத்த சுரத்துக்குச் செல்லலாம். ஆனால் எங்கே இடுவது என்பதை மென்பொருள் அறியாது. 'கண்ணன்' என்பது 'கண்-ணன்' எனப் பிரியுமேயன்றி 'க-ண்ணன்' எனப் பிரியாது. மெய்யானது முன்னெழுத்தோடு நிற்கும். தமிழிலக்கணம் பயின்றவர்க்கு இது விளக்கமின்றியே தெளிவு. இசைத்துறையும் தமிழ்த்துறையும் ஒன்றோடொன்று பேசவேண்டியதன் அவசியத்தை இச்சிறு இணைகோடே உணர்த்துகின்றது.

மேலைத்தேய ஐங்கோட்டுக்கு இவ்வளவு கூறினோம். எமது கருநாடக இசைக்குச் சுரம் எழுதுவோர் நிலை யாது? ஈண்டுப் பெரும்பாலோர் இசைக்குறியீட்டு மென்பொருளை நாடாது, கடிதம் எழுதும் மென்பொருளிலேயே சுரங்களைத் தட்டெழுதுகின்றனர். தாரஸ்தாயியைக் காட்ட மேலே ஒரு புள்ளி வேண்டும். 'ச' என்னும் எழுத்தின் மேல் புள்ளி வைத்தால் அது கண்ணுக்குச் 'ச்' ஆகவே தோன்றும். ஆதலால் மெய்யெழுத்தையே தட்டெழுதிவிடுகின்றனர். தாளில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ ஒன்று தாரஸ்தாயி ஷட்ஜம். மற்றையது பொருளற்ற ஒற்றெழுத்து. நாளை அச்சுரங்களை ஒலிக்கச் செய்யவோ, ஒரு இராகத்தின் சஞ்சாரங்களைத் தேடி ஒப்பிடவோ, ஐங்கோட்டுக்கு மாற்றவோ முற்படும் ஆய்வாளன் அக்கோப்பிலிருந்து எதனையும் பெறமாட்டான். வேறு சிலர் புள்ளியைச் சிறு வட்டமாக வரைந்து எழுத்தின் மேல் ஒட்டுகின்றனர். எழுத்தின் அளவு மாறியதும் புள்ளிகள் இடம்பெயர்ந்து மத்தியஸ்தாயிச் சுரங்களின் தலையில் ஏறுகின்றன. ஸ்தாயியைக் காட்டுவதற்கு நிலையான குறியொன்றை வரையறுத்து, அதனை ஏட்டின் தொடக்கத்தில் விளக்கி, இறுதிவரை மாறாது கையாளுதலே அறிவுடைமை. அழகு பின்னர் சேர்க்கப்படலாம். பொருள் பின்னர் சேர்க்கப்பட முடியாது.

எமது இசை குறியீட்டுக்கு அடங்காது, ஆகையால் இவ்வாராய்ச்சி வீண் எனக் கூறுவாருமுளர். கமகத்தை எந்தக் குறியும் முற்றாகப் பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் எமது முன்னோர் அக்காரணத்தால் கைகட்டி நின்றாரல்லர். சின்னசாமி முதலியார் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டிலே சென்னையிலிருந்து கருநாடக இசையுருப்படிகளை ஐங்கோட்டுக் குறியீட்டில் அச்சிட்டு வெளியிட்டார். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமக வகைகளுக்கெனத் தனிக்குறிகளை அமைத்து அச்சேற்றுவித்தார். ஈய அச்செழுத்தைக் கோத்துச் செய்த அக்காலத்தில், அச்சகத்திடம் உள்ள குறிகள் போதும் என அவர் அடங்கிவிடவில்லை. தமது இசைக்கு வேண்டிய குறிகளை அச்சகத்திடம் வேண்டிப் பெற்றார். இன்று நாம் மென்பொருள் தரும் வட்டத்துள் எமது இசையைச் சுருக்கி வைக்கின்றோம். மாயாமாளவகௌளையை எழுதப் புகுந்தவர், ஷட்ஜத்தை 'சி' எனக் கொண்டால், ரிஷபமும் தைவதமும் மாத்திரமே 'பிளற்' பெறுவன எனக் காண்பார். இது மேலைத்தேய வழக்கிலுள்ள பெரிய, சிறிய சுரவரிசைகளுக்குரிய முன்குறிகள் எதனுள்ளும் அடங்காது. தனிமுன்குறி அமைக்கும் வசதி மியூஸ்ஸ்கோர் முதலிய மென்பொருள்களில் உண்டு. அதனைத் தேடாது ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குறியிட்டு அவதியுறுதல் வீண் உழைப்பு. ஆதி தாளத்தை 4, 2, 2 எனவும், மிச்ர சாபுவை 3, 4 எனவும் மென்பொருளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிடின் அது தன் வழக்கப்படி சுரங்களைக் கூட்டிக் கட்டும். பாடுபவன் தாளம் தப்புவான்.

இனி இரண்டாம் முகம்: கோப்பின் வடிவம். வெவ்வேறு மென்பொருள்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் பொருட்டு மைக்கல் குட் என்பார் ஆக்கிய மியூசிக்-எக்ஸ்.எம்.எல். என்னும் பொதுவடிவம் 2004இல் அதன் முதற்பதிப்பாக வெளிவந்தது. அது எழுத்தாலான வடிவம். எந்த எழுத்துத் திருத்தியிலும் திறந்து வாசிக்கலாம். அதன் வரலாற்றில் நகைமுரண் ஒன்றுண்டு. 2011இல் அதன் உரிமை பினாலேயின் நிறுவனமாகிய மேக்மியூசிக்கிடம் சென்றது. 2015இல் அது உலகளாவிய வலை நியமக் கூட்டமைப்பின் கீழ் இயங்கும் சமூகக் குழுவொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2024இல் பினாலேயின் கதவு மூடப்பட்டபோது பயனர் வெளியேறிய வாயில் இவ்வடிவமே. வாயில் பொதுவுடைமையாயிருந்தமையாற்றான் அது திறந்திருந்தது.

மிடி கோப்பு இருக்கின்றதே, அது போதாதா என்பர் சிலர். போதாது. 1983இல் வந்த மிடி, மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுவதற்கு எழுந்தது, எழுதுவதற்கு எழுந்ததன்று. அது ஒவ்வொரு சுரத்தையும் 0 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாகவே அறியும். 61 என்னும் எண் 'சி ஷார்ப்' ஆ, 'டி பிளற்' ஆ என அது கூறாது. வளைவுகளும் விரலெண்களும் அதில் நில்லா. மிடியிலிருந்து இசையேட்டை மீட்க முயல்வது, ஒருவரது பேச்சை எந்திரத்தட்டில் கேட்டு அவரது எழுத்துக்கூட்டலை ஊகிப்பது போன்றது.

மியூசிக்-எக்ஸ்.எம்.எல். குறையற்றதன்று. பக்க அமைப்பும் இடைவெளியும் நுண்ணிய அலங்காரங்களும் மாற்றத்தின்போது ஓரளவு சிதையும். ஆதலால், மாற்றியபின் சோதித்தல் வேண்டும்: அளவுகளின் தொகை ஒத்துளதா, எடுப்புச் சரியா, மும்மைச் சுரங்கள் பிழைத்தனவா, மீட்டல்கள் உரிய இடத்திலா, சாகித்தியம் தன் சுரத்தின் கீழா, சுருதி மாறி ஒலிக்கும் கருவிகள் இருமுறை மாற்றப்படாதுள்ளனவா என்பன நோக்கத்தக்கன. பொருளாக எழுதிய ஏட்டில் இச்சோதனை அரைமணி நேரத்தில் முடியும். தோற்றமாக வரைந்த ஏட்டில் அது நாள்களைத் தின்னும். முன்னர் இரு முகங்களும் ஒன்றே என்றமை இதனாலேயே.

விலைகொடுத்து வாங்கும் மென்பொருளே தரமானது. இலவசமானவை விளையாட்டுப் பொருள்கள் என்னும் கருத்து இன்னும் நிலவுகின்றது. அது ஆராயாத கருத்து. வெர்னர் ஷ்வியர் 2002இல் தொடக்கிய மியூஸ்ஸ்கோரும், 1996 முதல் நெதர்லாந்தினர் இருவரது முயற்சியால் வளர்ந்த லிலிபொண்ட்டும் திறந்த மூலநிரல் கொண்டவை. லிலிபொண்ட்டின் கோப்பு வெறும் எழுத்து. பழைய உலோகத் தகட்டு அச்சின் அழகை மீட்பதே அதன் இலக்கு. மியூஸ்ஸ்கோரின் கோப்போ சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அவிழ்த்தால் உள்ளே வாசிக்கத்தக்க எழுத்தே இருக்கும். பெரிய வாத்தியக்குழுவுக்கான நுட்பமான பதிப்பு வேலையிலே வணிக மென்பொருள்களுக்குச் சில சிறப்புகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றை வாங்கவல்லோர் வாங்குக. திறந்த மென்பொருளும் ஒருநாள் கைவிடப்படலாம் என்பதும் உண்மையே. ஆனால் அதன் மூலநிரலும் கோப்பும் யாவர் கையிலும் இருக்கும். வேறொருவர் எடுத்துத் தொடரலாம். மூடிய மென்பொருள் இறந்தால் அதனோடு திறப்பும் புதைக்கப்படுகின்றது.

இங்குப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு எழுகின்றது. வறிய மாணவன் ஒருவன் தன் ஆய்வேட்டுக்குரிய இசையை விலையுயர்ந்த மென்பொருளில் தரவேண்டுமென எதிர்பார்ப்பது, அவனைக் கடனுக்கோ களவுக்கோ தள்ளுவதாகும். பட்டம் பெற்று வெளியேறியபின் உரிமம் காலாவதியாகத் தன் ஆய்வைத் தானே திறக்க இயலாத நிலை அதனினும் கொடிது. யாழ்ப்பாணத்து இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடமும் மட்டக்களப்பு விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் போன்ற இடங்களிலே பயில்வோர் நாளை திரட்டப்போகும் கூத்துப் பாடல்களும் தாலாட்டும் ஒப்பாரியும் எந்நிறுவனத்துக்கும் அடகு வைக்கப்படத்தக்கனவல்ல. யாழ் நூல் கண்ட விபுலாநந்த அடிகள் மறைந்துபோன ஒரு கருவியின் இசையை நூல்களினின்று மீட்க ஆண்டாண்டாக உழைத்தார். நாளைய ஆய்வாளர் அவ்வாறு எம்மிடமிருந்து எம்மை மீட்கும் நிலையை ஏற்படுத்தலாகாது.

ஆதலின் எமது கோரிக்கை எளிது. இசைத்துறைகளில் ஒப்படைக்கப்படும் ஒவ்வோர் ஏடும் மூன்று வடிவிற் பெறப்படுக: எழுதிய மென்பொருளின் மூலக்கோப்பு, மியூசிக்-எக்ஸ்.எம்.எல். வடிவம், கண்ணாற் பார்ப்பதற்கான பீ.டி.எவ். படி. சாகித்தியம் ஒருங்குறியில் அமைக. சுரக்குறி விளக்கம் முதற்பக்கத்தில் இடம்பெறுக. படிகள் ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படாதொழிக. ஆண்டுக்கொருமுறை, அவ்வேட்டை எழுதாத ஒருவர், அதனை எழுதாத மென்பொருளில் திறந்து பார்க்கட்டும். திறக்காதவை அவ்வாண்டே திருத்தப்படட்டும். எழுதியவர் எம்மிடையே இருக்கும்போதே அது இயலும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை; ஆணைக்குழுவும் வேண்டியதில்லை; ஒரு துறைக்கூட்டத்தின் தீர்மானமே போதும். அத்தீர்மானம் வரும்வரை காத்திராது, தத்தம் கணினியில் உள்ள ஏடுகளை இன்றே மாற்றத் தொடங்கும் மாணவர், துறைக்கு வழிகாட்டுவோராவர்.